நாற்பத்தெட்டாம் அடியில் கடல்

சிவசங்கரி போட்ட டீ மூன்றாவது நாளாகத் திரிந்தபோதுதான் நடுமேட்டில் விஷயம் வெளியே வந்தது. கல்யாணமாகி இரும்பை கிராமத்திலிருந்து அவள் இங்கே வந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. மாமியார் ஜான்சி முதலில் பால்காரரைச் சந்தேகப்பட்டு, கடையில் பாக்கெட் பால் வாங்கிவரச் சொன்னாள். அதுவும் திரிந்தது.

"அத்தே, பால்ல ஒண்ணும் இல்ல. தண்ணிதான் உப்பா இருக்குது" என்றாள் சிவசங்கரி, அடுப்பைப் பார்த்தபடி.

ஜான்சி குடத்திலிருந்து ஒரு தம்ளர் மொண்டு குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். "எங்கம்மா உப்பு? எப்பவும் போலத்தானே இருக்குது."

பக்கத்து வீட்டுக்காரர்களும் குடித்துப் பார்த்தார்கள். யாருக்கும் உப்புத் தெரியவில்லை. அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. நடுமேட்டில் இருப்பது நூற்று முப்பது வீடுகள். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், கால்வாயைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய வரை மரக்காணம் உப்பளம். வீட்டுக்கு ஒருவராவது அளத்தில் வேலை செய்கிறார்கள். விடிந்ததிலிருந்து பகல் ஒரு மணி வரை உதட்டிலும் இமையிலும் உப்புப் படிந்தபடி நிற்பவர்களுக்குத் தண்ணீரில் கூடுகிற உப்பை நாக்கு சொல்லாது. உள்நாட்டுத் தண்ணீர் குடித்து வளர்ந்த ஒரு நாக்கு ஊருக்குள் வந்த பிறகுதான் அது தெரிய வேண்டியிருந்தது.

ஜான்சி அந்த வார்டின் மெம்பர். மருமகள் சொல்லுக்காக இல்லாவிட்டாலும், நாளைக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போய் ஏதாவது சொல்லிவிடுவாளே என்பதற்காக, தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்குப் போன் செய்தாள்.

மறுநாள் ஸ்கூட்டியில் சங்கீதா வந்தாள். பெருமுக்கல் பக்கத்துக் கிராமத்து விவசாயி வீட்டுப் பெண். ஐந்து வருடமாக ஊர் ஊராகப் போய்த் தண்ணீர் மாதிரி எடுப்பது அவள் வேலை. ஊருக்கு நடுவே சவுக்குத் தோப்பு ஓரத்தில், மணல் மேட்டின் உச்சியில் டேங்க் நின்றது. அதன் அடியில் மோட்டார் அறை, போர்வெல். அங்கே டேங்க் ஆபரேட்டர் பச்சமுத்து சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

பேனா மாதிரி இருந்த, உப்பை அளக்கும் மீட்டரைத் தண்ணீரில் நனைத்தாள் சங்கீதா. எண் ஓடி நின்றது. இரண்டாயிரத்து நூற்று நாற்பது.

"அப்படின்னா?" என்றார் பச்சமுத்து.

"ஐநூறுக்குள்ள இருந்தா நல்ல தண்ணிங்கண்ணா. வேற வழியே இல்லன்னா ரெண்டாயிரம் வரைக்கும் விடலாம். அதுக்கு மேல போனா குடிக்க ஆகாதுன்னு எழுதணும்."

"நான் தெனமும் குடிக்கிறேனே."

"நீங்க குடிப்பீங்கண்ணா. ரெண்டு மாசக் குழந்தை குடிக்குமா?"

அவர் முகம் சற்று மாறியது. பதினோரு வருடமாக அவர்தான் ஆபரேட்டர். ஒரு நாள்கூடத் தண்ணீர் வராமல் இருந்ததில்லை. அதைச் சொன்னார். காலை ஐந்து மணிக்குப் போட்டால் ஒன்பது மணிவரை மோட்டாரை நிறுத்தமாட்டேன் என்றார். வீட்டுக்கு வீடு குழாய் வந்தபோது மூன்று எச்.பி. மோட்டாரை மாற்றி ஐந்து எச்.பி. போட்டதையும், முப்பது அடியில் தொங்கியதை ஐம்பது அடிக்கு இறக்கியதையும் சொன்னார். டேங்க் வேலை முடிந்ததும் அவர் உப்பளத்து போரில் இன்ஜின் ஓட்டப் போவார். மண்ணுக்கடியிலிருந்து உப்பு நீரை இறைத்துப் பாத்திக்கு விடும் வேலை. அதில் அவருக்கு நல்ல பெயர்.

"இன்ஜின விட்டு விட்டு ஓட்டறவன் சோம்பேறிங்க. மொத ஒரு மணி நேரம் வர்றது சப்பைத் தண்ணி. இழுத்துக்கினே இருக்கணும். இழுக்க இழுக்கத்தான் டிகிரி ஏறும், தண்ணில உப்பு கூடும்."

சங்கீதா எழுதிக்கொண்டாள். அப்போது அவளுக்கும் எதுவும் தோன்றவில்லை. பதினான்கு நாள் கழித்து மறுபடி மாதிரி எடுப்பதாகவும், அப்போதும் இரண்டாயிரத்துக்கு மேல் இருந்தால் போரைக் குடிநீருக்கு ஆகாதென்று மூடச் சொல்லிவிடுவார்கள் என்றும் சொன்னாள்.

"மூடினா மூடட்டும்" என்றாள் கூடவே வந்திருந்த ஜான்சி. "இருநூத்தி அம்பது அடி போருக்கு எழுதிக் கேட்டு ரெண்டு வருஷமா அலைஞ்சேன். இப்பதான் சாங்ஷன் ஆயிருக்குது. இங்கியே, இதுக்குப் பக்கத்துலயே போடுறாங்க. ரிக் வண்டி பதினாலாம் நாள் வருது."

பச்சமுத்துவுக்குச் சந்தோஷம். ஆழமாகப் போனால் நல்ல தண்ணீர் என்றுதான் எல்லோரையும்போல அவரும் நினைத்திருந்தார்.

இரண்டாம் நாள் விடியற்காலையில் கோடை மழை கொட்டியது.

உப்பு எடுக்கும் காலத்தில் மழை வந்தால் மரக்காணத்தில் யாரும் வீட்டில் இருக்கமாட்டார்கள். மழை விட்டதும் ஆணும் பெண்ணுமாக அளத்துக்கு ஓடினார்கள். காய்ந்து தடித்த உப்பு நீரைத் தேக்கி வைத்திருந்த பெரிய பாத்தியில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. அதன் மடையில் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். பச்சமுத்து இறங்கி மடையருகே போனார்.

வரப்பிலிருந்து கலியமூர்த்தி கத்தினார். அளத்தில் அவருக்கு மூத்தவர், வாய் சும்மா இருக்காது. "ஏம்பா, மேல்பலகைய மட்டும் எடு. அடியில கை வச்சே, போன மாசத்து வெயிலு அத்தனையும் கால்வாய்க்குப் போயிடும்."

"எனக்குத் தெரியாதா."

"உனக்குத் தெரியும்பா. தூக்கத்துல இருக்குற உன் கைக்குத் தெரியுமான்னுதான் கேக்குறேன்."

மேல்பலகையைத் தூக்கினார். மழைநீர் மெல்லிய தகடாகச் சறுக்கி வெளியே போக ஆரம்பித்தது. வருடத்துக்கு இரண்டு மூன்று முறை செய்கிற வேலை. கலக்காமல் நின்று, மேலே மிதக்கிற மழைநீரை மட்டும் வடித்துவிட வேண்டும். காலை நகர்த்தக்கூடாது. அசையாமல் நின்றபோது அவர் உடம்பு ஒன்றைக் கவனித்தது. பாதம் சுட்டது. கெண்டைக்காலிலிருந்து மேலே குளிர்ந்தது. நேற்றைய வெயிலைத் தனக்குள் வைத்துக்கொண்டு கனத்த உப்புநீர் அடியில் கிடந்தது. இப்போது பெய்த மழை அதன்மேல் படுத்திருந்தது. இரண்டும் ஒரே பாத்தியில் இருந்தன, ஆனால் ஒன்றோடு ஒன்று சேரவில்லை.

குனிந்து மேல்நீரை ஒரு கை அள்ளிக் குடித்தார். மழை. கையை முழங்கைவரை இறக்கினார். விரல் நுனி வெந்நீரில் பட்டது. பெருவிரலில் இருந்த வெடிப்பில் உப்பு ஏறி எரிந்தது.

அந்த எரிச்சலோடு அப்படியே நின்றார். டேங்க் நிற்கும் மணல் மேட்டில் பெய்த மழையும் எங்கோ போய்த்தானே நின்றிருக்கும். கிழக்கே முந்நூறு அடியில் கடல், மேற்கே உப்புக் கால்வாய். இரண்டுக்கும் நடுவில் நல்ல தண்ணீர் வேறெப்படி இருக்க முடியும், மேலே மிதக்காமல்? அதில் குழாயை ஐம்பது அடிக்கு இறக்கி, நாலு மணி நேரம் நிறுத்தாமல் இழுத்தால்?

இழுக்க இழுக்கத்தான் டிகிரி ஏறும் என்று அந்தப் பெண்ணிடம் அவரே சொல்லியிருந்தார்.

"என்னப்பா, பலகையப் புடிச்சிக்கினே சாமியாராயிட்ட?" என்றார் கலியமூர்த்தி.

பச்சமுத்து மழைநீர் வடிந்து முடியும்வரை நின்றுவிட்டு, ஈரக்காலோடு நேராக ஜான்சி வீட்டுக்குப் போனார்.

ஜான்சி வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் சொன்னதை முழுவதும் கேட்டாள். கத்தியை வைத்தாள்.

"அப்ப இத்தினி நாளா தண்ணிய உப்பாக்கினது யாரு?"

"நான்தான், மெம்பரம்மா."

"இத வெளிய சொல்லாதீங்கண்ணா. இருக்குற வேலையும் போயிடும்."

"போனாப் போவட்டும். அந்த ரிக் மட்டும் வரக்கூடாது. ஆழமாப் போனா அடிப்பலகையப் புடுங்குற மாதிரி."

"ரெண்டு வருஷம் அலைஞ்சு வாங்கினது. வேணாம்னு எழுதிக் குடுத்தா மறுபடி என் பொறப்புல கெடைக்காது. நாளைக்கு இந்தப் போரும் மூடிட்டா, ஊரு என்னைத்தான் கிழிக்கும். உங்களுக்குக் காலு சுட்டுதுன்னா நான் கையெழுத்துப் போட முடியும்?"

அவள் கேட்டது நியாயம் என்று பச்சமுத்துவுக்கே தெரிந்தது. "அந்தப் பரிசோதனைப் பொண்ணக் கூப்பிடுங்க. மண்ணுக்குக் கீழ பாக்குறதுக்கு அவங்ககிட்ட ஏதாச்சும் இருக்கும். இல்லன்னு சொல்லிட்டா நான் வாயத் தொறக்கல."

இருந்தது. நீளமான ஒயர் நுனியில் விரல் தடிமனில் ஓர் உலோகக் குண்டு. அதை இறக்கினால், எந்த ஆழத்தில் எவ்வளவு உப்பு என்று மேலே இருக்கும் பெட்டி காட்டும். அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அதை வாங்கிவர சங்கீதாவுக்கு இரண்டு நாள் ஆனது. போர்வெல்லில் மோட்டார் தொங்கிக்கொண்டிருந்ததால் அதற்குள் இறக்க முடியவில்லை. பத்தடி தள்ளி, தலை கழற்றிப் போட்ட பழைய கைப்பம்பின் துளை ஒன்று இருந்தது. எழுபது அடி ஆழம். அதற்குள் இறக்குவதென்று முடிவானது.

காலை பத்து மணி. செய்தி எப்படியோ பரவி இருபது, முப்பது பேர் கூடிவிட்டார்கள். குடத்தோடு வந்த பெண்கள், அளத்திலிருந்து நேராக வந்த கலியமூர்த்தி, ஜான்சி, ஜான்சிக்குப் பின்னால் சிவசங்கரி. பச்சமுத்து ஒயரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். சங்கீதா பெட்டியைப் பார்த்து வாசித்தாள்.

"பதினஞ்சு அடி. தண்ணி தொட்டாச்சு. முந்நூத்தித் தொண்ணூறு."

"நல்ல தண்ணியா?" என்றாள் ஒருத்தி.

"பாட்டில் தண்ணி மாதிரிங்க. இருபது அடி, முந்நூத்தித் தொண்ணூறு. முப்பது, நானூறு. நாப்பது, நானூத்தி முப்பது."

கூட்டத்தில் சளசளப்பு. இவ்வளவு நல்ல தண்ணீர் இருக்கும்போது எதற்காக மூட வேண்டும் என்று ஒருவர் கேட்டார். கலியமூர்த்தி அவரைக் கையமர்த்தினார்.

"நாப்பத்தி அஞ்சு, அறுநூத்திப் பத்து." அதன் பிறகு அவள் குரல் தானாக மெதுவானது. "நாப்பத்தி ஏழு, ஆயிரத்தி நூறு. நாப்பத்தி எட்டு, ரெண்டாயிரத்தி நூறு. அம்பது, அஞ்சாயிரம். அம்பத்தி ரெண்டு, பதினாலாயிரம். அண்ணா, கொஞ்சம் நிறுத்துங்க."

பெட்டியைத் தட்டிப் பார்த்தாள். எண் மாறவில்லை. மறுபடி விடச் சொன்னாள்.

"அம்பத்தி அஞ்சு. இருபத்தி ஒம்பதாயிரம். அறுபது. முப்பத்தி மூணாயிரம்."

"அது என்ன தண்ணிம்மா?" என்று ஜான்சி கேட்டாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. இன்னொரு வாயிலிருந்து கேட்க வேண்டியிருந்தது.

"கடல்" என்றாள் சங்கீதா.

சிலர் கிழக்கே பார்த்தார்கள். சவுக்கு மரங்களுக்கு அப்பால் வழக்கம்போல் அலை வந்து போய்க்கொண்டிருந்தது. பிறகு ஒவ்வொருவராகக் காலடி மணலைப் பார்த்தார்கள். ஒரு பெண் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி, ஓசை வராமல் வைத்தாள். அந்த மேட்டில் பிறந்தவர்கள், அங்கேயே வீடு கட்டியவர்கள், செத்தவர்களை அதே மணலில் புதைத்தவர்கள். கடல் தங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று இத்தனை நாள் இருந்துவிட்டார்கள். அது அடியிலும் வந்து படுத்திருக்கிறது, இந்தப் பக்கத்திலிருந்து கால்வாய்ப் பக்கம்வரை போயிருக்கிறது, அதன் முதுகின்மேல் தங்கள் மேட்டில் பெய்த மழை மட்டும் ஒரு படுக்கை விரிப்புபோல மிதக்கிறது, தாங்கள் குடிப்பது அதைத்தான் என்பதை ஒரு ஒயரின் நுனி சொல்லிவிட்டது.

"ரெண்டும் ஏன் கலக்கல?" என்று சிவசங்கரி மெல்லக் கேட்டாள்.

"கலக்கும். நாம அசைச்சா கலக்கும்" என்றார் பச்சமுத்து. ஒயரைப் பிடித்திருந்த கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டிருந்தார்.

சங்கீதா அலுவலகத்துப் பொறியாளரிடம் கேட்டு வந்ததைச் சொன்னாள். இந்த மேட்டுக்கு உள்ளே தண்ணீர் கடல் மட்டத்தைவிட ஓர் அடி, ஒன்றேகால் அடிதான் உயர்ந்து நிற்கிறது. மேலே ஓர் அடி உயரம் நின்றால், அதன் கனம் கீழே நாற்பது அடிக்குக் கடலை அழுத்தி வைக்கும். மேலே ஒரு அங்குலம் குறைந்தால் கீழே நாற்பது அங்குலம் கடல் ஏறும். "நாம மேல ஒரு விரல் எறக்கினா, கீழ அது நாப்பது விரல் ஏறிக்கும். சார் அப்படித்தான் சொன்னாங்க."

"ஒண்ணுக்கு நாப்பதா?" என்றார் கலியமூர்த்தி. வாழ்நாளெல்லாம் உப்பு நீரின் கனத்தோடு பிழைத்தவர். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

பச்சமுத்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "ஏத்தி விட்டது நான்தான். அளத்துல ஓட்டுற மாதிரியே இங்கயும் ஓட்டிட்டேன். பத்து நாளு குடுங்க. மோட்டார மேல தூக்கிட்டு, விட்டு விட்டு ஓட்டிப் பாக்குறேன். தண்ணி கம்மியாத்தான் வரும். வீட்டுக்கு நாலு குடம்."

"நாலு குடத்துல நான் குளிக்கிறதா, சோறு ஆக்குறதா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"நீ குளிச்சா மட்டும் என்ன வரப்போவுது" என்று அவள் நாத்தனார் சொன்னதும் சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்போடு கூட்டம் கலைந்தது. வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஜான்சி மட்டும் போகும்போது நின்று, "பத்து நாளு. பதினாலாம் நாள் ரிக் வரும். அன்னிக்கி ரெண்டாயிரத்துக்கு மேல இருந்தா நான் கொடி காட்டிடுவேன், அண்ணா. கோவிச்சிக்காதீங்க" என்றாள்.

அன்று மதியமே மோட்டாரை இருபத்தெட்டு அடிக்குத் தூக்கினார்கள். பழைய மூன்று எச்.பி. மோட்டார் ரிப்பேராகி மூலையில் கிடந்தது. அதற்குக் காயில் சுற்றிக் கொண்டுவந்து அதையே மாட்டினார்கள். காலை நாலு மணி நேரத்துக்குப் பதிலாக, பகலில் ஆறு தடவை, தடவைக்கு அரை மணி நேரம். வீட்டுக் குழாய்களை அடைத்துவிட்டு, மோட்டார் அறை வாசல் குழாயில் குடம் எண்ணிப் பிடித்தார்கள். நடுவில் போர் ஓய்வெடுக்க வேண்டும். இதற்கு ஓர் ஆள் பகல் முழுக்க அங்கேயே இருக்க வேண்டும். பச்சமுத்து அளத்து இன்ஜினைக் கலியமூர்த்தியிடம் விட்டுவிட்டு வந்துவிட்டார். சீசன் நடுவில் இன்ஜினை விட்டவனை அடுத்த வருடம் யாரும் கூப்பிடமாட்டார்கள் என்று அவர் மனைவி சாலம்மாள் சொல்லிப் பார்த்தாள். பிறகு தினமும் சாப்பாட்டைத் தூக்கில் எடுத்துக்கொண்டு மேட்டுக்கு வந்தாள்.

அவருக்கு மிகக் கடினமாக இருந்தது மோட்டாரை நிறுத்துவதுதான். பொங்கிக்கொண்டு வருகிற தண்ணீரை, டேங்க் பாதிகூட நிறையாதபோது நிறுத்தக் கை வரவில்லை. சுவிட்சின் முன்னால் நின்று கடிகாரத்தைப் பார்த்து, பிறகு கையைத் தூக்குவார். நிறுத்திய பின் கைப்பம்புத் துளைக்குள் காதை வைத்துக் கேட்பார். அங்கே கேட்க ஒன்றுமில்லை. என்றாலும் ஒவ்வொரு தடவையும் கேட்டார்.

சங்கீதா தன் பேனா மீட்டரை ஜான்சியிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். தினமும் மாலையில் சிவசங்கரி குழாயில் நனைத்துப் பார்த்தாள். இரண்டாயிரத்து முப்பது. ஆயிரத்துத் தொள்ளாயிரம். ஆயிரத்து எழுநூற்று இருபது. நான்காம் நாள் ஆயிரத்து ஐநூறு என்றபோது பச்சமுத்து அவளிடம் மறுபடி நனைக்கச் சொன்னார்.

ஆறாம் நாள் காலையிலிருந்து மதியம் இரண்டு மணிவரை கரண்ட் இல்லை. அன்று வெயில் மேட்டில் நிற்கவிடவில்லை. டேங்க் காலி. கரண்ட் வந்தபோது குடங்கள் வரிசை சவுக்குத் தோப்புவரை நீண்டிருந்தது. கைக்குழந்தையோடு நின்ற பெண்ணைப் பார்த்தார். சுவிட்சைப் போட்டார். அரை மணி ஆனது, நிறுத்தவில்லை. ஒரு மணி ஆனது. இரண்டே கால் மணி நேரம் ஓடியது. யாரும் அவரைத் தடுக்கவில்லை. எல்லோருக்கும் தண்ணீர் வேண்டியிருந்தது.

மறுநாள் மாலை ஆயிரத்து எண்ணூற்று அறுபது.

சிவசங்கரி எண்ணைச் சொல்லத் தயங்கி மீட்டரையே நீட்டினாள். அவர் பார்த்துவிட்டு மணலில் உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம். கீழே, கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில், அத்தனை பெரிய ஒன்று தன் கைக்கு இவ்வளவு உடனே பதில் சொல்கிறது. அவருக்குப் பயமாக இருந்தது. சுவிட்சில் கை வைத்த பதினோரு வருடத்தில் ஒரு நாளும் அவர் இப்படி நினைத்ததில்லை. அந்த இரும்புப் பெட்டியின் மறுமுனையில் கடல் இருந்திருக்கிறது.

"நான்தாம்மா. நேத்து நிறுத்தாம விட்டுட்டேன். வீட்டுக்கு வீடு சொல்லிடு, ரெண்டு நாளைக்கு மூணு குடம்தான்."

"நேத்து வரிசையில நானும்தான் நின்னேன், மாமா" என்றாள் அவள்.

மூன்று குடம் என்பதை யாரும் மறுக்கவில்லை. அன்று ஒயரைப் பார்த்தவர்கள் பார்க்காதவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். சொல்லச் சொல்ல ஆழம் குறைந்து, கடல் பத்தடியில் இருப்பதாகக்கூட ஒரு பேச்சு இருந்தது. இரவெல்லாம் தரையில் காதை வைத்துப் படுத்ததாக ஒருவர் சொன்னார். துணி துவைக்கக் கால்வாய்க்கு அப்பால் இருந்த குட்டைக்குப் பெண்கள் கூட்டமாகப் போனார்கள்.

பதினான்காம் நாள் காலை ஒன்பது மணிக்கு ரிக் வண்டி மேட்டின்மேல் ஏறிவந்தது. பின்னால் கம்ப்ரசர் லாரி. ரிக்கின் சொந்தக்காரர் ராஜாங்கம், வெற்றிலை மென்றபடி இறங்கினார். முப்பது வருடமாகத் திண்டிவனம், பெருமுக்கல் பக்கத்துப் பாறைகளில் துளை போடுகிறவர். போர் போட வேண்டிய இடத்தைக் குதிகாலால் மணலில் குத்திக் காட்டினார். கைப்பம்பிலிருந்து முப்பதடி.

"துளை போட்டுட்டு ஆறு மணி நேரம் கம்ப்ரசர் அடிச்சு ஊதுவேங்க. அடியில கெடக்குற மண்ணு, சேறு, எல்லாம் மேல வந்துடும். சுத்தமா வுட்டுட்டுப் போயிடுவேன்."

"எல்லாம் மேல வந்துடும்னு அவரே சொல்லிட்டாரு" என்றார் கலியமூர்த்தி.

சங்கீதா ஏற்கெனவே வந்திருந்தாள். முதலில் குழாய்த் தண்ணீர். எல்லோருக்கும் காட்டினாள். ஆயிரத்து இருநூற்று எழுபது. ஜான்சி மூச்சை விட்டாள். ஆனால் முகம் தெளியவில்லை.

"இது இன்னிக்கி. ஆடி மாசம் என்னாவும்? இந்த வண்டி போச்சுன்னா போனதுதான். கீழ நல்ல தண்ணி இருக்காதுன்னு நீ எழுதிக் குடுப்பியாம்மா?"

"இருநூத்தி அம்பது அடியில என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுக்கா" என்றாள் சங்கீதா. "அறுபது அடிவரைக்கும்தான் நான் பாத்திருக்கேன்."

"தெரியாதுன்னு சொல்றவங்கள நம்பலாம்" என்று பச்சமுத்து சொன்னார். பிறகு ராஜாங்கத்தைப் பார்த்து, "ஐயா, போடுறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம். இதப் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க" என்றார்.

ஒயரை மறுபடி இறக்கினார்கள். இம்முறை மேலும் ஆட்கள் சுற்றி நின்றார்கள். ராஜாங்கம் இடுப்பில் கைவைத்து நின்றார். நாற்பது அடி, நானூற்றுப் பத்து. நாற்பத்தைந்து, நானூற்று நாற்பது. நாற்பத்தெட்டில் பச்சமுத்து ஒயரை நிறுத்தினார். சங்கீதா பெட்டியைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினாள். ஐநூற்று எழுபது.

ஐம்பது அடி, எண்ணூறு. ஐம்பத்திரண்டு, ஆயிரத்து அறுநூறு. ஐம்பத்து மூன்றில்தான் இரண்டாயிரம் வந்தது. ஐம்பத்தேழில் கடல்.

பத்து நாளில் ஐந்தடி. யாரும் அதைப் பிடித்துத் தள்ளவில்லை. எந்த இயந்திரமும் வேலை செய்யவில்லை. மேலே சிறிது விட்டுவைத்தார்கள், அவ்வளவுதான். அந்த விட்டுவைத்த தண்ணீரின் கனத்தில், சோழமண்டலக் கரை முழுக்க நீண்டு கிடக்கிற ஒன்று, நூற்று முப்பது வீட்டுக்குக் கீழே ஐந்தடி இறங்கிப் போயிருந்தது.

ராஜாங்கம் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பெட்டியருகே குனிந்தார். "மறுக்கா ஒருதரம் மேல தூக்கி வுடுங்க" என்றார். தூக்கி விட்டார்கள். எண் மூவாயிரம், இரண்டாயிரம், எண்ணூறு என்று இறங்கி நின்றது. "கீழ வுடுங்க." ஏறியது. அவர் மூன்று தடவை அதைச் செய்யச் சொன்னார். கடைசியில் பெட்டியைப் பார்க்காமல் பச்சமுத்துவின் கையைப் பார்த்தார். இரண்டு விரலுக்கு நடுவில் இருந்த ஒயரில், நல்ல தண்ணீருக்கும் கடலுக்கும் இடையே ஐந்து முழம்கூட இல்லை.

"நாலாயிரம் போர் போட்டிருப்பேன்" என்றார். "தண்ணி வருதா, வரலையா, அவ்வளவுதான் பாப்பேன். உள்ள அது எப்படி நிக்கிதுன்னு பாத்ததே இல்லீங்க." ஜான்சியிடம் திரும்பினார். "கீழ என்ன இருக்கோ, அது ஆண்டவனுக்கு வெளிச்சம். ஆனா இதுங்கிட்ட நின்னுக்கினு நான் கம்ப்ரசர் அடிக்க மாட்டேம்மா. அடிச்சா இது நிக்காது. வேற ஆள வச்சிப் போடுறதுன்னா போட்டுக்கோங்க."

ஜான்சி கையில் வைத்திருந்த தாளைப் பார்த்தாள். இரண்டு வருடம் அலைந்து வாங்கிய தாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். சாலம்மாள் தூக்குச்சட்டியைக் கையில் வைத்தபடி நின்றிருந்தாள்.

"பேனா யாருகிட்ட இருக்குது?" என்றாள் ஜான்சி.

சங்கீதா கொடுத்தாள். ரிக் வண்டியின் முன்பக்கத் தகட்டில் தாளை வைத்து, இந்த இடத்தில் ஆழ்துளை வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். "ஆடி மாசம் தண்ணி வரல, அண்ணா, உங்கள அந்த டேங்க்குல ஏத்தி உக்கார வச்சிடுவேன்."

"ஏத்துங்க. அங்கிருந்து சுவிட்ச் எட்டாது. அதுவும் நல்லதுதான்" என்றார் பச்சமுத்து.

பச்சமுத்து அடுத்த தடவைக்கு மோட்டாரைப் போட்டுவிட்டு வந்தபோது, திரும்பிக்கொண்டிருந்த ரிக் வண்டியின் பின்சக்கரம் மணலில் இறங்கியது. இறங்கிய இடத்திலேயே சுற்றி இன்னும் புதைந்தது. ஆண்கள் சவுக்குக் கிளைகளை வெட்டிப் போட்டார்கள். பெண்கள் குடங்களை ஓரமாக வைத்துவிட்டு வந்து தோள் கொடுத்தார்கள். ராஜாங்கம் ஓட்டுநரைத் திட்டினார், கலியமூர்த்தி ராஜாங்கத்தைத் திட்டினார். "மெதுவா, மெதுவா. கீழ யாரு இருக்காங்கன்னு பாத்துத் தள்ளுங்க" என்று ஒருத்தி சொல்ல, சிரிப்பில் தள்ளியவர்களின் பிடி தளர்ந்தது.

பச்சமுத்து வண்டியின் பக்கவாட்டில் கை வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"இருங்கப்பா. அரை மணி ஆயிடுச்சு."

பாதி ஏறிய சக்கரத்தை விட்டுவிட்டு மோட்டார் அறைக்கு நடந்தார். வண்டியைப் பிடித்தபடி எல்லோரும் அப்படியே நின்றார்கள். மோட்டார் நின்றது. குழாயில் தண்ணீர் இளைத்து, நூலாகி, சொட்டி அடங்கியது. குடம் நிறையாதவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களும் வண்டியைவிட்டு நகரவில்லை. கைகள் வண்டியின்மேல் இருக்க, எல்லோர் கண்ணும் மணலில் இருந்தது.

அவர் திரும்பி வந்து தன் இடத்தில் தோளைக் கொடுத்தார்.

"தள்ளுங்க" என்றார்.